‘ஆம்’ என்று எழுதி வாங்கிய பாஸ்போர்ட்

மலாயாவுக்குப் போவதற்காக நான் கொடுத்த பாஸ்போர்ட் மனுவில் ஒரு கேள்வி இருந்தது. கோர்ட்டில் எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா? பதில் எழுத விட்டிருந்த இடம் இரண்டு விரல் அகலம்கூட இல்லை. ‘இல்லை’ என்று எழுதுகிறவர்களை மனத்தில் வைத்து விட்ட இடம் என்று தோன்றியது.

மனுவை இங்கிலீஷில் நிரப்பித் தந்தவர் சேலத்தில் கலெக்டர் கச்சேரிக்கு எதிரே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கத்தோலிக்கர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை தொங்கும். கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார்.

“அந்த எடத்துல ஒரு கோடு இழுத்துடலாம். யாரும் பாக்கமாட்டாங்க.”

“பார்த்தாங்கன்னா?”

“பார்த்தா அதுக்கு வேற ஒரு கேஸ்.”

‘ஆம்’ என்றே எழுதச் சொன்னேன். அடிதடி, ஒன்றரை வருஷம் என்பதையும் சேர்த்தார். கடைசி எழுத்துக்கள் கோட்டைத் தாண்டி அடுத்த கேள்விக்குள் போய்விட்டன.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே, மேட்டுக்காடு. பெரியப்பா மகன் நல்லமுத்து அண்ணனுக்கும் எனக்கும் ஒரே கிணறு. நாள் முறை வைத்து மாடு கட்டித் தண்ணீர் இறைப்போம். ஒரு பங்குனியில், அன்றைய முறை யாருடையது என்ற சண்டையில், மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அவர் முழங்காலுக்குக் கீழே அடித்தேன். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அடித்தேன் என்று கோர்ட்டில் ஒப்புக்கொண்டேன். ஜெயிலுக்குப் போனேன். எட்டாவது வரை படித்தவன் என்பதால் அங்கே மற்ற கைதிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது என் வேலையாயிற்று. வெளியே வந்தபோது அண்ணனின் கால் கூடியிருந்தது. ஆனால் கோணலாகக் கூடியிருந்தது. பத்து அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

மூன்று வருஷம் கழித்து அவராகவே ஒரு நாள் என் வாசலுக்கு வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

அவருடைய தம்பி கந்தசாமி, யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்பு அப்பாவோடு கோபித்துக்கொண்டு மலாயாவுக்குக் கப்பலேறியவர். ஜப்பான்காரன் வந்ததற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதமே இல்லை. செத்துப்போனார் என்றே ஊரில் பாதிப் பேர் முடிவு கட்டியிருந்தார்கள். இப்போது குமாரபாளையத்தில் தறி வைத்திருக்கும் ஒருவரின் மைத்துனர் மலாயாவிலிருந்து வந்திருக்கிறார். சுங்கைப்பட்டாணி என்ற ஊரில் திருச்செங்கோட்டுக் கந்தசாமி என்று ஒருவர் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார் என்று அவர் சொன்னாராம்.

“ரெண்டு கடுதாசி போட்டோம். பதிலே இல்ல. ஆளு போயித்தான் பாக்கோணும்” என்றார் அண்ணன். “நான் போலாம்னா இந்தக் காலை வெச்சுக்கிட்டுக் கப்பல் ஏணி ஏற முடியுமா? நீ ஒடச்ச காலு. நீ போயிட்டு வா.”

“எனக்கு ஆருங்ணா பாஸ்போர்ட்டுக் குடுப்பாங்க?”

“அதை அப்பறம் பாக்கலாம்” என்று திரும்பி நடந்தார்.

மனு போட்டு நாலு மாதம் கழித்து, விசாரிக்க ஒரு சப்-இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். என் கேஸ் காகிதத்தைக் கையில் வைத்திருந்தார். அடிபட்டவரைக் கூப்பிடச் சொன்னார். அண்ணன் வந்து சேர நேரமாயிற்று. அவர் நடந்து வந்த விதத்தை சப்-இன்ஸ்பெக்டர் வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவன் வெளிதேசம் போறதுல உமக்கு ஆட்சேபணை இருக்கா?”

“நாந்தானுங்க அனுப்பறேன்.”

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “உம்ம காலை ஒடைச்சவன்யா இவன்.”

“ஆமாங்க. கால் நல்லாருந்தா நானே போயிருப்பனுங்க.”

“போனவன் திரும்பி வராம அங்கேயே இருந்துட்டா?”

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. “வந்துருவானுங்க. அடிக்கவே இல்லைன்னு சொல்லுன்னு வக்கீல் அத்தனை சொல்லியும் கோர்ட்டுல இவன் பொய் சொல்லலீங்க. அதுக்கு மேல எனக்கு இவனைப் பத்தித் தெரியாதுங்க.”

அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அண்ணன் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் சோளக் காட்டுக்குப் போய்விட்டார்.

பாஸ்போர்ட் வந்தது. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் மட்டும் செல்லும் என்று உள்ளே எழுதியிருந்தது. அங்க அடையாளம் என்ற இடத்தில் ‘வலது புருவத்தில் தழும்பு’ என்று கண்டிருந்தது. ஜெயிலில் சேர்ந்த அன்று ரிஜிஸ்தரில் எழுதியதும் அதே தழும்பைத்தான். உள்ளே போட்டுப் பூட்டுவதற்கும் வெளியே போகவிடுவதற்கும் ஒரே தழும்பு போதுமாக இருக்கிறது என்று எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

புறப்படுவதற்கு முதல் நாள் பாவாயி நங்கை வரச் சொன்னார். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்போம். கந்தசாமி கல்யாணமாகி எட்டாம் மாதம் விட்டுவிட்டுப் போன மனைவி. பதினெட்டு வருஷமாக நல்லமுத்து அண்ணன் வீட்டிலேயே இருக்கிறார், தாலியோடு. விசேஷ வீடுகளில் அவரை முன்னால் நிற்கச் சொல்வதா பின்னால் நிற்கச் சொல்வதா என்று யாருக்கும் தெரியாது. அதனால் அவர் போவதையே விட்டுவிட்டார்.

கனமான ஒரு கவரைக் கொடுத்தார். நாலு பக்கமும் அரக்கு வைத்து ஒட்டியிருந்தது.

“உசுரோட இருந்தா அவரு கையில இதைக் குடுங்க தம்பி. இல்லீன்னா பிரிக்காமக் கொண்டாந்துருங்க.”

“வேற ஏதாச்சும் சொல்லோணுங்களா நங்கை?”

“அதுல எல்லாம் இருக்குது.”

கடல் என்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது நாகப்பட்டினத்தில். கப்பல் கரைக்கு வரும் என்று நினைத்திருந்தேன். அது வராது, தூரத்தில் நிற்கும். நாம்தான் படகில் போய் ஏற வேண்டும். படகு மேலே போகும்போது ஏணியின் கடைசிப் படி காலுக்கு வரும். கீழே இறங்கும்போது தலைக்கு மேல் போய்விடும். மேலே வரும் சமயம் பார்த்து ஒரு கப்பல்காரர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். நல்லமுத்து அண்ணன் கால் சரியாகவே இருந்திருந்தாலும் இதில் ஏறியிருப்பாரா என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. உடனே அதை அடக்கினேன்.

எங்களுக்கு இடம் மேல்தளத்தில். மேலே தார்ப்பாய், கீழே அவரவர் பாய். காலையில் ஒருவர் நடந்துகொண்டே தலைகளை எண்ணுவார். சோற்று நேரத்தில் மணி அடிக்கும், தட்டோடு வரிசையில் நிற்க வேண்டும். முதல் நாள் அந்த வரிசையில் மற்றவர்கள் முட்டி மோதும்போது நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் நின்ற நாகூர் வியாபாரி காதர் பாய் அதைக் கவனித்துவிட்டார்.

“பட்டாளத்துல இருந்தியளா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. ஜெயில்ல.”

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மனுவில் எழுதியதிலிருந்தே அது எளிதாகிவிட்டது. அவர் தட்டைக் கை மாற்றிக்கொண்டு, “சோறு அங்கே நல்லதா, இங்கே நல்லதா?” என்று கேட்டார். யோசித்துத்தான் பதில் சொன்னேன். கப்பலில் அரிசி நல்ல அரிசி, சாம்பார் வெறும் தண்ணீர். ஜெயில் களியில் கல் இருக்கும், ஆனால் குழம்பில் புளி சரியாக இருக்கும். அதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்று முதல் தன்னிடமிருந்த எலுமிச்சை ஊறுகாயை எனக்கும் வைத்தார்.

மூன்றாம் நாள் கடல் புரண்டது. தளம் முழுக்க வாந்தி. எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கிணற்று மேட்டில் மாடுகளோடு முன்னும் பின்னும் நடந்து பழகிய உடம்பு என்று நானே காரணம் கற்பித்துக்கொண்டேன். காதர் பாய்க்குத் தண்ணீர் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துவிட்டேன். கடல்மேல் சிறு மீன்கள் கூட்டமாக எழுந்து பறந்து மறுபடி விழுந்தன. மீன் பறக்கிறது என்று ஊரில் போய்ச் சொன்னால் நம்பமாட்டார்களே என்று அரை நாள் அதையே பார்த்திருந்தேன்.

பினாங்கில் இறங்கியதும் மறுபடியும் ஒரு காகிதம், மறுபடியும் அதே கேள்வி. ‘ஆம்’ என்றேன். எல்லோரும் போன பிறகும் என்னை மட்டும் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். காதர் பாய் வெளியே தன் மூட்டைகளோடு காத்திருந்தார். நடுப்பகலுக்குப் பிறகு ஒரு மலாய் அதிகாரி கூப்பிட்டார். பக்கத்தில் ஒரு தமிழ்க் குமாஸ்தா நின்று மொழி பெயர்த்தார்.

“எதுக்காக அடிச்சேன்னு கேக்கறார்.”

“கிணத்துத் தண்ணிக்காக.”

குமாஸ்தா சொன்னதும் அதிகாரி நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். கெடா மாநிலத்து நெல் விவசாயி வீட்டுப் பிள்ளையாம். எத்தனை பேருக்கு ஒரு கிணறு, மழை எத்தனை மாதம், பங்குனியில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். கடைசியில் மலாயில் ஏதோ நீளமாகச் சொன்னார்.

“அவங்க ஊர்ல வாய்க்கால் மடைக்கு அடிச்சுக்குவாங்களாம். மண்வெட்டி இல்லே, வெட்டுக்கத்தியாம்” என்றார் குமாஸ்தா. “அடிபட்டவர் இப்ப எப்படி இருக்கார்னு கேக்கறார்.”

“அவருதாங்க என்னை அனுப்பினாரு.”

குமாஸ்தா அதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அதிகாரி பாஸ்போர்ட்டைத் தன் பக்கம் இழுத்தார். மூன்று வாரம் தங்கலாம் என்று முத்திரை குத்தினார்.

வெளியே வந்தால் மூன்று சக்கர வண்டிகள் நின்றன. மிதிக்கிறவர் பின்னால் இருக்கிறார், ஏறுகிறவர் முன்னால் உட்கார வேண்டும். எதிரே வரும் பஸ்ஸும் லாரியும் நேராக நம் மார்பை நோக்கித்தான் வருகின்றன. இரண்டு இடத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். மிதித்தவர் வயதான சீனர். ஒரு முனையில் இன்னொரு வண்டிக்காரரோடு வாய்ச்சண்டை வந்தது. என்ன சொல்கிறார் என்று பாயைக் கேட்டேன். “என் வண்டியில மரியாதைப்பட்டவங்க ரெண்டு பேர் இருக்காங்க, கண்ணு தெரியலையான்னு கேக்குறார்” என்றார் பாய். என்னை அப்படி யாரும் சொல்லி வருஷக்கணக்காகியிருந்தது, அதுவும் சீன மொழியில்.

பாய் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். சோற்றின்மேல் நாலு விதமான குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினார்கள். எங்கள் ஊரில் அப்படி ஊற்றினால் சண்டை வரும். சாப்பிட்டால் நன்றாகத்தான் இருந்தது. காப்பிக்கு டப்பாப் பால். சுண்ணாம்பு மாதிரி கெட்டியாக அடியில் நிற்கும், கலக்கினால் தித்திப்பு தாங்காது. எங்கே பார்த்தாலும் பச்சை. எங்கள் காட்டில் மழை வந்தால் எல்லோரும் வெளியே வந்து நின்று பார்ப்போம். இங்கே தினமும் பிற்பகலில் வருகிறது. ஒருவரும் தலையைத் தூக்குவதில்லை.

பினாங்கு ஒரு தீவு. மறுநாள் பாயிடம் சொல்லிக்கொண்டு படகில் அக்கரைக்குப் போய் பஸ் பிடித்தேன். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக ஓடின. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டை இன்னும் முழுக்க ஓயாத காலம். ஓரிடத்தில் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். யாராவது காட்டுக்காரர்களுக்கு அரிசி கடத்துகிறார்களா என்று சோதனை. கையைத் தூக்கச் சொல்வதற்கு முன்பே நான் தூக்கிவிட்டேன். அரக்கு வைத்த கவரை அந்தச் சிப்பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். நல்லவேளையாகப் பிரிக்கவில்லை.

சுங்கைப்பட்டாணியில் பால்காரக் கந்தசாமியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ரயில் பாதைக்குப் பின்னால் தகரக் கூரை வீடு, ஐந்து மாடு. குந்தி உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தவரின் முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நல்லமுத்து அண்ணனின் முதுகு.

“நான் செங்கோடனுங்ணா. மேட்டுக்காடு. உங்க சித்தப்பன் மகன்.”

அவர் திரும்பவில்லை. கறப்பதையும் நிறுத்தவில்லை. மடி வற்றும்வரை கறந்து, கன்றை அவிழ்த்து விட்டுவிட்டு எழுந்தார். ஊரில் நான் கடைசியாகப் பார்த்தபோது மீசை அரும்பிக்கொண்டிருந்த முகம். இப்போது முன்பற்கள் இல்லை.

“ஆரு செத்தது?” என்றார்.

“யாரும் சாகலீங்ணா. பெரியப்பாதான் போயிட்டாரு, அது ஏழு வருசமாச்சு.”

உள்ளே கூப்பிட்டார். அங்கே ஒரு பெண் அரிசி களைந்துகொண்டிருந்தார். பெயர் அஞ்சலை. ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவர், இந்த ஊரிலேயே பிறந்த தமிழ்ப் பெண். மூன்று குழந்தைகள் பள்ளிக்கூடம் போயிருப்பதாகச் சொன்னார். நான் யார் என்று கந்தசாமி அண்ணன் சொன்னதும் அவர் கை பானைக்குள்ளேயே நின்றது. பிறகு, “காப்பி குடிப்பீங்களா?” என்று கேட்டார்.

அண்ணன் விட்டுவிட்டுப் பேசினார். ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். கூடப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. அஞ்சலையின் முதல் புருஷனும் அங்கேதான் இறந்தார். அந்தச் சேதியைச் சொல்ல இவர் வந்தபோது இவருக்கே காய்ச்சல். அஞ்சலையின் வீட்டில் படுத்தவர் ஆறு மாதம் எழுந்திருக்கவில்லை.

“எழுந்தப்பறம் எழுதலாம்னு ஒக்காருவேன். என்னன்னு எழுதறது? இருக்கறேன்னு எழுதினா ஏன் வரலைன்னு கேப்பாங்க. ஒவ்வொரு வருசமும் இன்னும் கஷ்டமாயிருச்சு” என்றார். பேச்சில் நம் ஊர் வாடை பாதி, மலாயாத் தமிழ் பாதி. சிறிது நேரம் கழித்து, “அண்ணன் ஏன் வரல? எதுக்கு உன்னை அனுப்புச்சாரு?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வரும் என்று கப்பலிலேயே யோசித்து வைத்திருந்தேன். யோசித்த பதில் எதுவும் வாயில் வரவில்லை. “அவரு காலை நாந்தான் ஒடச்சுப்போட்டனுங்ணா” என்றேன்.

எழுந்து நின்றுவிட்டார். அடிப்பார் என்றே நினைத்தேன். அஞ்சலை நடுவில் வந்து நின்றார்.

“என்ற அண்ணனையா? அவரு மேலயா கை வெச்ச?”

“ஆமாங்ணா. ஒண்ணரை வருசம் ஜெயில்ல இருந்தேன்.”

“தண்டனை முடிஞ்சுபோச்சா?”

“முடிஞ்சுதுங்ணா.”

மெள்ள உட்கார்ந்தார். “குடுத்து வெச்சவன்” என்றார்.

சாப்பிட்டபின் கவரைக் கொடுத்தேன். யார் கொடுத்தது என்பதையும் சொன்னேன். அதை மடியில் வைத்துக்கொண்டு அரக்கைத் தடவிக்கொண்டிருந்தார். ஜெயிலில் எத்தனையோ பேருக்கு மனைவியிடமிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொன்னவன் நான். உள்ளே என்ன இருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. பதினெட்டு வருஷத்து அழுகை, அல்லது வந்துவிடுங்கள் என்று ஒரு வரி. அவரால் பிரிக்க முடியவில்லை. அஞ்சலைதான் கத்தியால் அரக்கைக் கீறினார்.

உள்ளே முத்திரைக் காகிதம். திருச்செங்கோட்டில் பத்திரம் எழுதுகிறவரின் கையெழுத்து. பூர்வீக நிலத்தில் தன் பாகத்தைப் பாவாயி பேருக்கு எழுதிப் பதிவு செய்ய, அண்ணன் நல்லமுத்துவுக்குக் கந்தசாமி அதிகாரம் கொடுக்கும் பத்திரம். வெளிநாட்டில் கையெழுத்திட்டால் மாஜிஸ்திரேட் முத்திரை வேண்டும், சாட்சி இரண்டு பேர் என்று ஓரத்தில் குறித்திருந்தது. வேறு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. கந்தசாமி அண்ணன் கவரைத் தலைகீழாகப் பிடித்து உதறியும் பார்த்தார்.

பிறகு எல்லைகளை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். கிழக்கே வண்டிப் பாதை, தெற்கே பொதுக் கிணறு, மேற்கே பாறை. பாறை என்ற இடத்தில் குரல் உடைந்தது. அஞ்சலை காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி மீதியைத் தானே படித்து முடித்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவராம்.

“கேக்கறது நியாயந்தானே” என்றார். “நாளைக்கே போய்க் கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு.”

மறுநாள் மூன்று பேரும் கோர்ட்டுக்குக் கிளம்பினோம். அந்த வாரம் மாஜிஸ்திரேட் வேறொரு ஊரில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் போக வேண்டும். வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பள்ளத்தில் பஸ்ஸின் பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. ஆண் பெண் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அஞ்சலை ஒரு ரப்பர் ஷீட்டைக் கொண்டு வந்திருந்தார். பத்திரத்தை அதில் சுருட்டி, தன் தலைத்துண்டுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். எங்களோடு தள்ளிய சீனப் பெண் ஒருவர் தலையைக் காட்டி ஏதோ கேட்டார். அஞ்சலை மலாயில் பதில் சொன்னார். என்ன பேசினீர்கள் என்று பிறகு கேட்டேன். “உள்ள என்ன, தங்கமான்னு கேட்டா. எங்க வீட்டுக்காரரோட காடுன்னேன்.”

கோர்ட்டுக்குள் நுழைந்தோம். நான் பார்த்த கோர்ட் மாதிரியே உயர்ந்த மேஜை, மேலே மின்விசிறி. ஆனால் இந்தத் தடவை நான் நிற்க வேண்டிய இடம் சாட்சி இடம். ஜெயிலுக்குப் போனவன் சாட்சிக் கையெழுத்துப் போடலாமா என்று அங்கிருந்த தமிழ்க் குமாஸ்தாவிடம் நானே கேட்டேன். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து, “படம் உங்களதுதானே?” என்றார். ஆமாம் என்றேன். “அப்ப போடுங்க.”

கந்தசாமி அண்ணன் போட்டார், நான் போட்டேன். இரண்டாம் சாட்சிக்குத் தெரிந்தவர் யாராவது வருவாரா என்று குமாஸ்தா வெளியே எட்டிப் பார்த்தார்.

“நான் போடலாமா?” என்றார் அஞ்சலை.

கந்தசாமி அண்ணன் தரையைப் பார்த்தார். குமாஸ்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை, பேனாவை நீட்டினார். அஞ்சலை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, கல்லில் செதுக்குகிறவர் மாதிரி எழுதினார்.

மீதி நாட்கள் அவர்கள் வீட்டிலேயே இருந்தேன். விடிவதற்கு முன்பே அஞ்சலை பால் வெட்டப் போவார். ஒரு நாள் நானும் போய்ப் பார்த்தேன். பட்டையை மயிரிழை ஆழத்துக்குத்தான் கீற வேண்டுமாம். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் கெட்டுவிடும். என்னைக் கீறச் சொன்னார். இரண்டாவது கீறலிலேயே கத்தியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். முடி முளைத்த ஒரு பழத்தைக் குழந்தைகள் கொடுத்தார்கள். பயந்துகொண்டே உரித்தேன், உள்ளே நுங்கு மாதிரி வெள்ளையாக இருந்தது. புறப்படும் அன்று ஒரு முறை கேட்டேன்.

“ஊருக்கு ஒரு தடவை வந்துட்டுப் போலாமேங்ணா.”

“வந்தா எந்த ஊட்டு வாசல்ல போயி நிக்கறது?” என்றார்.

திரும்பும் கப்பலில் கடல் அமைதியாக இருந்தது. எனக்குத்தான் மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஊர் வந்து சேர்ந்ததும் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாவாயி நங்கை கதவோரம் நின்றார். பாதி வழியில் யோசித்து வைத்த மெல்லிய வார்த்தைகள் எல்லாம் மறந்துபோயின. இருக்கிறார், நன்றாக இருக்கிறார், குடும்பமாக இருக்கிறார் என்று சொல்லிப் பத்திரத்தை நீட்டினேன்.

“நான் ஏன் வரலைன்னு கேட்டானா?” என்றார் அண்ணன்.

“கேட்டாருங்ணா. காலைப் பத்திச் சொல்லிப்போட்டேன்.”

அண்ணன் கட்டிலில் நகர்ந்து, “ஒக்காரு” என்றார். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நங்கைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். கந்தசாமி என்ற கையெழுத்தின்மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். கீழே வந்தார். என் பெயரைத் தாண்டினார். அடுத்த பெயரில் விரல் நின்றது.

“அஞ்சலைங்கறது ஆரு?”

அண்ணன் என்னைப் பார்த்தார். பொய் சொல்ல அது நல்ல சமயம்தான். மாஜிஸ்திரேட் ஆபீஸில் வேலை செய்கிறவர் என்று சொல்லியிருக்கலாம்.

“அவங்கதானுங்க அங்க அவரு ஊட்டுல இருக்கறவங்க.”

நங்கை அந்தப் பெயரை மறுபடியும் எழுத்து எழுத்தாகப் படித்தார். பத்திரத்தை முதலில் இருந்த மடிப்பிலேயே மடித்தார்.

“எழுத்துச் சுத்தமா இருக்குது” என்றார். “நாளைக்கு வண்டி கட்டுங்க தம்பி. பதிவுக்குப் போலாம்.”